மீனுக்கு முன் தண்ணீர்

பெம்பான் பாசார் மாலாமிலோ ஜாசின் கடைகளிலோ தங்கமீனைப் பிளாஸ்டிக் பையில் கட்டி வாங்கி வந்தவர்கள் உங்களில் பலர் இருப்பீர்கள். வீட்டுக்கு வந்ததும் கண்ணாடிக் குடுவையில் குழாய்த் தண்ணீர், அதில் மீன், அழகுக்கு ஒரு செடி. பத்து நாளில் மீன் மல்லாந்து மிதக்கும். ‘நம் வீட்டுக்கு மீன் ராசியில்லை’ என்று பெரியவர்கள் சொல்வார்கள். ராசிக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தங்கமீன் வளர்க்க ஆசைப்படும் மாணவர் முதல் ஒரு மாதம் மீனே வாங்கக் கூடாது. தொட்டி வாங்குங்கள், செடி வையுங்கள், பம்பையும் வடிகட்டியையும் ஓட விடுங்கள். மீன் மட்டும் வேண்டாம். வெறும் தண்ணீரை ஒரு மாதம் பார்த்துக்கொண்டிருப்பதா என்று கேட்பீர்கள். தொட்டியில் நடக்க வேண்டிய மிக முக்கியமான வேலை அந்த ஒரு மாதத்தில்தான் நடக்கிறது.

செடியோடு தங்கமீனை வளர்க்கும் யோசனை பழையது. 1849-இல் லண்டனில் ராபர்ட் வாரிங்டன் என்ற வேதியியலாளர் ஒரு கண்ணாடிக் கலத்தில் மணலும் கல்லும் இட்டு, வாலிஸ்நேரியா என்ற நீர்ச்செடியை நட்டு, இரண்டு சிறிய தங்கமீன்களை விட்டார். மீன் வெளிவிடும் கரியமில வாயுவைச் செடி எடுத்துக்கொள்ளும், செடி வெளிவிடும் ஆக்சிஜனை மீன் சுவாசிக்கும் என்பது அவருடைய கணக்கு. கணக்கு சரிதான். ஆனால் செடியின் பழைய இலைகள் அழுகித் தண்ணீர் கலங்கத் தொடங்கியது. உடனே அவர் சில குளத்து நத்தைகளைப் போட்டார். நத்தைகள் அழுகல் இலையைத் தின்றன, நத்தை முட்டைகள் மீனுக்கு உணவாயின, தண்ணீரும் தெளிந்தது. 1850-இல் இதை அவர் கட்டுரையாக வெளியிட்டார். இன்றைய செடித்தொட்டிகளுக்கு அதுவே முன்னோடி.

‘செடி இருந்தால் பம்பு தேவையில்லை’ என்று இன்றும் சிலர் நம்புவது இந்தக் கணக்கின் பாதியை மட்டும் பிடித்துக்கொண்டுதான். ஒளிச்சேர்க்கைக்கு வெளிச்சம் வேண்டும் என்று பாடத்தில் படித்திருக்கிறீர்கள். விளக்கை அணைத்த பிறகு செடியும் மீனைப் போலவே ஆக்சிஜனை எடுத்துக்கொண்டு கரியமில வாயுவைத்தான் வெளிவிடுகிறது. பள்ளிக்குக் கிளம்பும் ஆறரை மணி இருட்டில், பம்பு இல்லாத தொட்டி ஒன்றைப் பாருங்கள். மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். அது பசியால் என்று நினைத்துத் தீனி போடுகிறவர்களும் உண்டு, பாவம்! இரவெல்லாம் குறைந்துகொண்டே வந்த ஆக்சிஜன் விடியலுக்கு முன்தான் மிகக் குறைவாக இருக்கும்.

வாரிங்டன் கண்ணால் பார்க்க முடியாத இன்னொரு வேலையாளும் தொட்டியில் உண்டு. மீன் தன் செவுள் வழியாக அம்மோனியாவை வெளியேற்றுகிறது. அது மீனுக்கே நஞ்சு. தண்ணீரிலும் கல்லிலும் வடிகட்டியின் பஞ்சிலும் வாழும் ஒருவகை பாக்டீரியா அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றும். நைட்ரைட்டும் நஞ்சுதான். வேறு வகை பாக்டீரியா அதை நைட்ரேட்டாக மாற்றும். நைட்ரேட் அவ்வளவு கேடில்லை, செடிக்கு அது உணவு.

இந்த மாற்றம் இரண்டு படிகளில், இரண்டு வெவ்வேறு நுண்ணுயிர்களால் நடக்கிறது என்று மண்ணை ஆராய்ந்து காட்டியவர்களில் ஒருவர் யார் தெரியுமா? அதே வாரிங்டனின் மகன்! அவர் பெயரும் ராபர்ட் வாரிங்டன்தான். இங்கிலாந்தின் ராத்தம்ஸ்டெட் விவசாய ஆய்வு நிலையத்தில் வேலை பார்த்தவர். அந்தப் பாக்டீரியாக்களைத் தனியே பிரித்தெடுத்தவர் ரஷ்ய அறிவியலாளர் செர்கேய் வினோகிராட்ஸ்கி, ஆண்டு 1890. அப்பா கண்ணாடித் தொட்டியில் விட்ட இடத்தை மகன் வயல் மண்ணில் நிரப்பினார் என்று எனக்குத் தோன்றும்.

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இது புதிதும் அல்ல. செம்பனைக்கு அம்மோனியம் சல்பேட் உரம் போடுகிறார்களே, அதிலுள்ள அம்மோனியத்தை மண்ணிலுள்ள பாக்டீரியா நைட்ரேட்டாக மாற்றுகிறது. செம்பனை மரத்தடியில் நடப்பதுதான் உங்கள் தொட்டியிலும் நடக்க வேண்டும். புதுத் தொட்டியில் அந்தப் பாக்டீரியா போதிய அளவில் இருப்பதில்லை. அவை பெருகச் சில வாரங்கள் ஆகும். அதற்குள் மீனை விட்டால் அது தன் கழிவிலேயே மூச்சுத் திணறும்.

நம் ஊர் வெயில் இதில் இரண்டு பக்கமும் விளையாடுகிறது. தங்கமீன் குளிர்ந்த நீரை விரும்பும் மீன், 20 டிகிரி செல்சியஸ் அதற்குச் சுகம். நம் வீட்டுத் தொட்டியில் 28, 30 டிகிரி சாதாரணம். 20 டிகிரியில் ஒரு லிட்டர் நீர் சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜனைத் தாங்கும், 30 டிகிரியில் ஏழரைதான். அதே சூட்டில் மீனுக்கு ஆக்சிஜன் தேவை கூடுகிறது. அம்மோனியாவின் நச்சு வடிவமும் ஏறக்குறைய இரண்டு மடங்காகிறது. ஆகவே இங்கே குடுவையில் தங்கமீன் வளர்ப்பது கொடுமை என்றே சொல்வேன். இத்தாலியின் மொன்சா நகரம் 2004-லேயே உருண்டைக் குடுவையில் தங்கமீன் வளர்ப்பதைத் தடை செய்தது. நல்ல பக்கம் என்னவென்றால், பாக்டீரியாவுக்கு நம் சூடு பிடிக்கும். குளிர் நாடுகளைவிட இங்கே தொட்டி சீக்கிரம் தயாராகும்.

செடி விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. மென்மையான இலை எதுவும் தங்கமீனிடம் தப்பாது, வேரையும் கிளறிப் போடும். ஜாவா ஃபெர்ன், அனூபியாஸ் இரண்டும் தடித்த இலைக்காரர்கள். கல்லிலோ மரத்துண்டிலோ நூலால் கட்டிவிடுங்கள், மண்ணில் புதைத்தால் கிழங்கு அழுகும். ஜாவா ஃபெர்ன் தீபகற்ப மலேசியாவின் ஓடைப் பாறைகளில் தானாக வளரும் செடி. வெட்டிய தண்டுகளை மட்டும் லோங்காங்கில் வீசாதீர்கள். தாசேக் சினி ஏரியில் கபோம்பா என்ற தென்னமெரிக்க நீர்ச்செடி பரவிப் படுத்தும் பாட்டை நம் ஆய்வாளர்கள் பல ஆண்டுகளாகப் பதிவு செய்து வருகிறார்கள்.

காசு குறைவென்றால் எதில் சிக்கனம்? வண்ணக் கல்லும் பிளாஸ்டிக் கோட்டையும் வேண்டாம். அந்த ரிங்கிட்டில் அம்மோனியா, நைட்ரைட், நைட்ரேட் மூன்றையும் அளக்கும் சோதனைப் பெட்டி வாங்குங்கள். பள்ளி அறிவியல் கழகம் ஒன்று வாங்கினால் பலருக்கு உதவும். 90 சென்டிமீட்டர் நீளம், 40 அகலம், 40 உயரம் உள்ள தொட்டி 144 லிட்டர் கொள்ளும். இரண்டு மீனுக்கு அது தாராளம். குளோரின் நீக்கிய தண்ணீரை நிரப்பி, தினமும் ஒரு சிட்டிகை மீன் தீனி போடுங்கள். அது அழுகி அம்மோனியா வரும். இரண்டு நாளுக்கு ஒருமுறை அளந்து வரைபடம் போடுங்கள். முதலில் அம்மோனியா ஏறி இறங்கும், பின்னால் நைட்ரைட் ஏறி இறங்கும், கடைசியில் நைட்ரேட் ஏறும். செடிகள் அதிகமிருந்தால் இந்த ஏற்றங்கள் சிறியதாகவே இருக்கும், ஏனென்றால் செடிகளும் அம்மோனியாவை நேரடியாக எடுத்துக்கொள்ளும். அறிவியல் விழாவுக்கு ஒரு மாதம் அதிகம் என்று நினைப்பவர்களுக்குச் சொல்கிறேன், அந்த வரைபடம்தான் உங்கள் செயல்திட்டம். மீன் அதற்குப் பிறகு வரும் விருந்தாளி.

அம்மோனியாவும் நைட்ரைட்டும் ஒரு வாரம் தொடர்ந்து பூஜ்யம் காட்டினால் மீன் வாங்கலாம். பிறகு வாரம் ஒருமுறை கால்பங்குத் தண்ணீரை மட்டும் மாற்றுங்கள். முழுவதையும் கொட்டி, வடிகட்டிப் பஞ்சைக் குழாயடியில் பளபளவென்று கழுவுவதைப் போன்ற தவறு வேறில்லை. ஒரு மாதம் வளர்த்த பாக்டீரியாவைக் குளோரின் ஒரு நிமிடத்தில் தீர்த்துக்கட்டும். தொட்டியிலிருந்து எடுத்த வாளித் தண்ணீரிலேயே பஞ்சை அலசிவிட்டு, அந்த வாளியை வாசலில் உள்ள மிளகாய்ச் செடிக்கு ஊற்றுங்கள். நைட்ரேட் அங்கேயும் வேலை செய்யும்.