பிடுங்கத் தெரிந்தவர்களே காட்டை மீட்பார்கள்

சிட்னியின் மேற்குப் புறநகரில், வீடுகளுக்கும் சாலைகளுக்கும் நடுவே, ஓடையை ஒட்டி ஒரு துண்டுக் காடு இருக்கிறது. அதைப் பராமரிக்கும் தன்னார்வலர் குழுவில் நானும் ஒருத்தி. எங்கள் கையில் இருப்பவை சிறு கத்தி, கையுறை, ஒரு சாக்கு. கன்றும் கடப்பாரையும் அபூர்வமாகத்தான் வெளியே வரும்.

களையைக் கையால் பிடுங்கிக் காட்டை மீட்கும் இந்த முறைக்கு வழிகாட்டியவர்கள் ஜோன், ஐலீன் பிராட்லி என்னும் சகோதரிகள். 1960களில், சிட்னி துறைமுகத்தை ஒட்டிய மோஸ்மன் பகுதிக் காடுகளில் இவர்கள் அன்றாடம் நடப்பது வழக்கம். களையை ஒட்டுமொத்தமாக வெட்டிச் சாய்த்த இடங்களில், முன்னைவிட அடர்த்தியாகக் களையே மண்டுவதைக் கவனித்தார்கள். கையால் பிடுங்கிப் பார்த்தார்கள். நாட்டுச் செடிகள் தாமாகவே முளைத்தன. அந்த அனுபவத்தில் பிறந்தவை மூன்று விதிகள். காடு நன்றாக இருக்கும் பக்கத்தில் தொடங்கி, கெட்ட பக்கம் நோக்கி நகர வேண்டும். மண்ணைக் கூடியவரை கிளறக் கூடாது. நாட்டுச் செடிகள் தலையெடுக்கும் வேகத்தை மீறிக் களையை அகற்றக் கூடாது.

கேட்க எளிது, செய்யும்போதுதான் நுட்பம் புரியும். ஆஸ்பராகஸ் ஃபெர்ன் என்றொரு களை இங்கே உண்டு. நம்மூர்த் தண்ணீர்விட்டான் கிழங்கின் உறவுச் செடி. தோண்டினால் கொத்துக் கொத்தாகக் கிழங்கு வரும். அத்தனையையும் தோண்டியெடுக்கத் தேவையில்லை, அவை மறுபடி துளிர்க்காது. துளிர்ப்பது தண்டும் வேரும் சேரும் முடிச்சு மட்டுமே. அதைச் சுற்றி வேர்களைக் கத்தியால் அறுத்து, முடிச்சை எடுத்து, மண் படாமல் கிளையில் மாட்டிக் காயவிடுவோம். பிறகு குழியை அழுத்தி மூடி, சருகை இழுத்துப் போடுவோம். உண்ணிச்செடிப் புதரைக்கூட ஒரே நாளில் அழிப்பதில்லை. சின்னஞ்சிறு குருவிகள் அதற்குள்தான் ஒளிந்து வாழ்கின்றன. பக்கத்தில் நாட்டுப் புதர் வளர வளர, அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்போம்.

இவ்வளவு பொறுமை எதற்கு? எங்கள் துண்டுக் காடு கம்பர்லேண்ட் சமவெளிக் காடு என்னும் வகையைச் சேர்ந்தது. அந்த வகைக் காட்டில் பத்தில் ஒரு பங்குகூட இன்று எஞ்சவில்லை. 2009இல் ஆஸ்திரேலிய அரசு இதை அழிவின் விளிம்பில் உள்ள காட்டு வகையாக அறிவித்தது. ஆனாலும் மிஞ்சிய மண்ணுக்குள் பழைய காட்டின் விதைகள் கிடக்கின்றன. அவை முளைக்க இடம் கொடுப்பதுதான் எங்கள் வேலை. வெளியிலிருந்து ஆயிரம் கன்று கொண்டுவந்தாலும் அந்தக் கலவையை நம்மால் உருவாக்க முடியாது.

இங்கே நாங்கள் பொத்திக் காக்கும் மரங்களில் ஒன்று யூகலிப்டஸ் டெரெடிகார்னிஸ். தமிழ்நாட்டில் தைலமரம் என்று தோப்பு தோப்பாக வளர்க்கப்பட்டதும் இந்த இனம்தான். ஓரிடத்தின் காடு இன்னோரிடத்தில் வெறும் தோப்பாகிவிடுகிறது. பசுமை என்பதற்காக எதையும் எங்கும் நடலாம் என்ற எண்ணத்தை நாம் கைவிட வேண்டும்.

தமிழ்நாட்டில் சீமைக்கருவேலத்தை அகற்றுவதற்கும் பிராட்லி சகோதரிகளின் பாடமே பொருந்தும். கண்மாய் முழுக்க மண்டிய இடத்தில் பொக்லைன் இல்லாமல் முடியாது, உண்மை. ஆனால் இயந்திரம் போன பின் என்ன? கிளறிய மண்ணில் கிடக்கும் விதைகள் அடுத்த மழைக்கு முளைக்கும். விட்டுப்போன அடிக்கட்டை துளிர்க்கும். அப்போது அங்கே ஆள் இல்லையென்றால், செலவழித்த பணம் வீண். நாட்டு மரங்களும் புற்களும் இன்னும் மிச்சமிருக்கும் கோயில் காடுகள், ஏரிக்கரைகள், நகரத்துக் காப்புக்காடுகள் ஆகியவற்றில் இயந்திரத்தை இறக்கவே கூடாது. அங்கே கைதான் வேண்டும்.

தன்னார்வலர்களின் ஆர்வம் மட்டும் போதாது. சிட்னியில் பல நகராட்சிகள், பயிற்சி பெற்ற ஒரு மேற்பார்வையாளரைச் சம்பளம் கொடுத்துக் குழுவோடு அனுப்புகின்றன. இரண்டு இலை விட்ட நாற்றைப் பார்த்தே இது களை, இது நாட்டுச் செடி என்று அவர் சொல்லிக்கொடுப்பார். அவர் இல்லாவிட்டால் நல்ல மனசோடு வந்தவர்களே நல்ல செடியைப் பிடுங்கிவிடுவார்கள்.

தமிழ்நாட்டின் உள்ளாட்சி அமைப்புகளுக்கு என் வேண்டுகோள் இதுதான்: உங்கள் எல்லைக்குள் மிஞ்சியிருக்கும் ஒரு காட்டுத் துண்டைத் தேர்ந்தெடுங்கள். செடி அறிந்த ஒருவரை அதற்கென நியமியுங்கள். மாணவர்களையும் குடியிருப்போரையும் மாதம் ஒரு காலை அங்கே அழையுங்கள். சில ஆண்டுகளாவது அதை நிறுத்தாமல் நடத்துங்கள்.