பருவுக்கு அவசரம் ஆகாது

பருவ வயதுப் பெண் இருக்கிற வீட்டில் முகம் பார்க்கும் கண்ணாடிக்கு ஓய்வே கிடையாது. "அம்மா, இன்னும் ரெண்டு வந்திருக்கு பாரேன்!" என்று காலையில் ஒரு தடவை, பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் ஒரு தடவை. பையன்களுக்கும் இந்தக் கவலை உண்டு. வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள், அவ்வளவுதான். நாமும் சும்மா இருப்பதில்லை. அஞ்சறைப் பெட்டியில் இருப்பதை எல்லாம் அந்தப் பிஞ்சு முகத்தில் பூசிப் பார்த்து விடுகிறோம்!

பரு அழுக்கினால் வருவதில்லை. பருவ வயதில் ஹார்மோன்கள் தூண்டுவதால், தோலுக்கு அடியில் உள்ள சுரப்பிகள் எண்ணெயை அதிகமாகச் சுரக்கின்றன. மயிர்க்கால்களின் வாய் அடைத்துக் கொள்கிறது. தேங்கிய எண்ணெயில் கிருமி பெருகி, வீங்கிச் சிவக்கிறது. மாதவிலக்குக்கு முந்தின வாரத்தில் பலருக்குப் பரு கூடுவதும் ஹார்மோனால்தான். ஆகவே நாளைக்குப் பத்துத் தடவை சோப்புப் போட்டுத் தேய்ப்பதில் பிரயோஜனமில்லை. தோல் வறண்டு எரிச்சல்தான் மிஞ்சும். காலை, மாலை இரண்டு வேளை மென்மையாகக் கழுவினால் போதும்.

இனி நம் சமையலறை வைத்தியம். கல்லில் இழைத்த சந்தனம் குளுமையாக இருக்கும். பெரும்பாலோருக்குக் கெடுதல் இல்லை. ஆனால் அதை மட்டும் நம்பி மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டாம். எலுமிச்சைச் சாறு, பச்சைப் பூண்டு, பட்டைத்தூள், சமையல் சோடா, பற்பசை இந்த ஐந்தையும் முகத்துப் பக்கமே கொண்டு போகாதீர்கள். எலுமிச்சைச் சாறு பூசி வெயிலில் போனால் கருந்திட்டு விழலாம். பூண்டு கொப்புளமே கிளப்பி விடும். தலைக்கு வைக்கும் தேங்காய் எண்ணெய் நெற்றியில் வழியாமல் பார்த்துக் கொண்டால் நெற்றிப் பருவும் கொஞ்சம் குறையும்.

இவற்றை விட நான் பயப்படுவது மருந்துக் கடையில் கேட்டவுடன் எடுத்துத் தரும் சில டியூப்களுக்குத்தான். எங்கள் தெருவில் ப்ளஸ் டூ படிக்கும் பெண் ஒருத்தி. சித்தப்பா கல்யாணத்துக்குள் முகம் பளிச்சென்று ஆக வேண்டுமே என்று, யாரோ சொன்ன ஒரு க்ரீமை வாங்கிப் பூசினாள். ஒரே வாரத்தில் பரு அமுங்கி, முகம் வெளுத்துப் பளபளத்தது. வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். மூன்று மாதம் கழித்து நிறுத்தியதும் முகமெல்லாம் சிவந்து, எரிந்து, பொரிப் பொரியாகக் கிளம்பி விட்டது. "நல்லதுன்னு நெனச்சுத்தானே அக்கா வாங்கிக் குடுத்தேன்" என்று அவள் அம்மா என்னிடம் வந்து அழுதாள். தோல் டாக்டரிடம் பல மாதம் நடந்த பிறகுதான் சரியாயிற்று.

அந்த டியூபில் இருந்தது ஸ்டீராய்டு. சிவப்பையும் வீக்கத்தையும் அமுக்கி விடுவதால் முதலில் குணமான மாதிரித் தெரியும். தொடர்ந்து பூசினால் தோல் மெலியும், முகத்தில் முடி வளரும், புதுப் பருவும் வரும். டியூபின் பின்பக்கத்தைப் படியுங்கள். பீட்டாமெதசோன், குளோபெட்டசால், மொமெட்டசோன் என்று இருந்தால் அதுதான் ஸ்டீராய்டு. டாக்டர் சீட்டு இல்லாமல் இவற்றை விற்கக் கூடாதென்று 2018-லேயே மத்திய அரசு விதி செய்திருக்கிறது. ஏற்கனவே பல நாளாகப் பூசுகிறவர்கள் திடீரென்று நிறுத்தாமல் டாக்டரைப் பாருங்கள்.

அப்படியானால் எதைத்தான் போடுவது? லேசான பருவுக்கு பென்சாயில் பெராக்ஸைடு 2.5 சதவீத ஜெல் நல்லது. சதவீதம் கூடினால் எரிச்சல்தான் கூடும், பலன் அவ்வளவாகக் கூடாது. பட்டாணி அளவு எடுத்து, பரு வரும் இடம் முழுவதும் மெல்லிசாகத் தடவ வேண்டும். முதல் இரண்டு வாரம் ஒரு நாள் விட்டு ஒரு நாள் இரவில் போதும். பட்ட துணி சாயம் போய்விடும், ஆகவே பழைய தலையணை உறையாகப் போடுங்கள். பலன் தெரிய 6 முதல் 8 வாரம் ஆகும். "பத்து நாளாச்சு, ஒண்ணும் ஆகலியே" என்று நிறுத்தி விடாதீர்கள். பருவைக் கிள்ளவும் கூடாது. கிள்ளினால் சீழ் உள்ளே இறங்கி வடுவாகி விடும்.

கட்டி கட்டியாக வந்தாலோ, வடு விழுந்தாலோ டாக்டரிடம் போய் விடுங்கள். மாதவிலக்கு தள்ளிப் போய், மோவாயில் முடியும் வளர்ந்தால் அவசியம் காட்ட வேண்டும். கர்ப்பிணிகளும், குழந்தைக்குத் திட்டமிடுகிறவர்களும் டாக்டரைக் கேட்காமல் எந்தப் பரு மருந்தும் தொட வேண்டாம். ஐசோட்ரெட்டினாயின் என்ற மாத்திரை கருவில் உள்ள சிசுவுக்குக் கடும் ஊனத்தை உண்டாக்கக் கூடியது.

கடைசியாக ஒன்று. வீட்டுக்கு வருகிற உறவுக்காரர்கள், "என்னடி, மூஞ்சி இப்படி ஆயிடுச்சு?" என்று கேட்பார்கள். பெண் அவசரப்பட்டு டியூபைத் தேடுவது பெரும்பாலும் அதற்குப் பிறகுதான். "வயசுக்கு வர்றது, போயிடும். காபி சாப்பிடுங்க" என்று நாமே பேச்சை மாற்றி விடலாமே!

அடுத்த இதழில் பொடுகைப் பற்றிப் பார்ப்போம்.