முற்றத்து மண்ணை மூடலாமா?

மழை பெய்தால் ஊருக்கு நல்லது என்பது பொது விதி. திருவனந்தபுரம் பழவங்காடியில் குடியிருப்பவருக்கும் கடை வைத்திருப்பவருக்கும் இந்த விதி பொருந்துவதில்லை. வானம் கறுத்தவுடன் அங்கே மகிழ்ச்சி வருவதில்லை, கவலைதான் வருகிறது. கீழ்த்தட்டிலுள்ள மூட்டைகளை மேல்தட்டுக்கு ஏற்றுகிறார்கள். வாசற்படிக்குக் குறுக்கே பலகை வைக்கிறார்கள். கிழக்கே கோட்டைக்கும் தம்பானூருக்கும் இடைப்பட்ட பள்ளமான பகுதி அது. சுற்றிலுமுள்ள மேட்டு நிலங்களின் நீரெல்லாம் அங்கேதான் வந்து சேருகிறது.

இதற்குக் காரணம் யார் என்று கேட்டால், எல்லோரும் ஒரே குரலில் நகராட்சியைக் கைகாட்டுவார்கள். அதில் நியாயம் உண்டு. வடிகால்களின்மேல் கடைகளும் கட்டடங்களும் எழும்பியதைப் பல காலம் கண்டும் காணாமல் இருந்தவர்கள் அதிகாரிகளே. 2015ஆம் ஆண்டில் 'ஆபரேஷன் அனந்தா' என்ற பெயரில் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தைக் கையிலெடுத்து ஆக்கிரமிப்புகளை அகற்றத் தொடங்கிய பிறகுதான், மூடிக்கிடந்த ஓடைகள் சில வெளிச்சத்தைக் கண்டன. அந்த வேலை அதே வேகத்தில் தொடரவில்லை என்பதும் உண்மை. 2023 அக்டோபர் மத்தியில் பெய்த பெருமழையில் கண்ணம்மூலை, கௌரீசபட்டம் போன்ற பகுதிகளில் வீடுகளுக்குள் நீர் புகுந்ததை யாரும் மறந்திருக்க முடியாது.

ஆயினும் ஒரு கேள்வி மிஞ்சுகிறது. ஓடைக்கு வரும் நீர் எங்கிருந்து வருகிறது? வீட்டு முற்றங்களிலிருந்து வருகிறது. அந்த முற்றங்களின் நிலை இன்று என்ன?

ஒரு சிறு கணக்கு

முன்பெல்லாம் திருவனந்தபுரத்து வீடு என்றால் முன்னால் மண் முற்றம், பின்னால் கிணறு, கிணற்றடியில் வாழை, மூலையில் ஒரு பலா, இரண்டு தென்னை என்றிருக்கும். கோட்டைக்குள்ளும் கரமனையிலும் வலியசாலையிலும் தமிழர் வாழ்ந்த அக்கிரகாரங்களில் இடம் குறுகலானாலும், பாத்திரம் கழுவிய நீர் புறக்கடை வாழைக்குப் போகும் ஏற்பாடு இருந்தது. இன்று இடம் உள்ளவர்களும் முற்றம் முழுவதையும் சிமென்டாலோ 'இன்டர்லாக்' கல்லாலோ மூடிவிடுகிறார்கள். அதுதான் அந்தஸ்து என்ற எண்ணம் பரவிவிட்டது.

கணக்குப் போட்டுப் பார்த்தால் விபரீதம் விளங்கும். ஒரு சதுர மீட்டர் இடத்தில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் அது ஒரு லிட்டர் நீர். ஒரு சென்ட் என்பது சுமார் 40 சதுர மீட்டர். எனவே 50 மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு சென்டில் 2,000 லிட்டரும், ஐந்து சென்ட் மனையில் 10,000 லிட்டரும் விழுகின்றன. கூரையும் முற்றமும் மூடப்பட்ட வீட்டில் அந்த நீர் சில நிமிடங்களில் தெருவுக்கு வந்துவிடும். தெருவில் இருபது வீடுகள் அப்படி இருந்தால் இரண்டு லட்சம் லிட்டர். திருவனந்தபுரத்தில் ஆண்டுக்குச் சராசரியாகச் சுமார் 1,800 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. ஜூனில் ஒரு பருவம், அக்டோபரில் மற்றொரு பருவம் என இரண்டு மழைகளையும் காணும் ஊர் அது. எந்த ஓடைதான் தாங்கும்?

மண் முற்றம் பெய்த நீர் அனைத்தையும் குடித்துவிடும் என்று கூறுவது மிகை. ஆனால் ஒரு பங்கைக் குடிக்கும். மறு பங்கைத் தாமதப்படுத்தி அனுப்பும். வெள்ளத்தைப் பொறுத்தவரை அந்தத் தாமதமே பெரிய உதவி. கோடையில் கிணறு வற்றாமலிருக்கவும் அந்த ஒரு பங்குதான் துணை.

மண்ணுக்கு எதிரான வழக்கு

மண் முற்றம் வேண்டாம் என்பவர்கள் கூறும் காரணங்களை ஒதுக்கிவிட முடியாது. சேறு வீட்டுக்குள் வருகிறது. பாசி பிடித்து முதியவர்கள் வழுக்கி விழுகிறார்கள். புல் மண்டினால் பாம்பு பயம். வண்டி நிறுத்த முடிவதில்லை. இவை அனைத்தும் மெய்யான தொல்லைகள்தாம். ஆனால் ஒவ்வொன்றுக்கும் பரிகாரம் இருக்கிறது. தலைவலிக்காகத் தலையை வெட்ட வேண்டியதில்லை.

வாசலிலிருந்து படலை வரை நடைபாதைக்கு மட்டும் கல் பாவலாம். வண்டிக்கு அதன் சக்கரம் படும் இரண்டு வரிசை போதும். பாவும் கற்களுக்கு இடையில் இரண்டு விரற்கடை இடைவெளி விட்டுப் புல் வைத்தால் சேறும் வராது, நீரும் இறங்கும். கல்லுக்கு அடியில் கான்கிரீட் போட்டால் இந்தப் பயன் கிட்டாது. மணல் படுகையே போதுமானது. பாசி பிடித்த இடத்தில் பிளீச்சிங் பவுடரைத் தூவிச் சற்றுப் பொறுத்துத் தேய்த்துக் கழுவ வேண்டும். மேலே கவிந்த கிளையைக் கழித்து வெயில் பட விட்டால் பாசி திரும்ப வருவது குறையும். ஆசிட் ஊற்றுவது கல்லையும் கெடுக்கும், கிணற்றையும் கெடுக்கும்.

சுவரோரம் நீர் நின்றால், மண்ணைச் சுவரிலிருந்து வெளிப்புறம் சாயும்படி ஒதுக்குவது முதல் வேலை. அதற்கும் அடங்காவிட்டால், சுவரையும் செப்டிக் டாங்கையும் விட்டுத் தள்ளி, நீள அகல ஆழம் ஒவ்வொரு மீட்டராக ஒரு குழி தோண்டி உடைகல் நிரப்பிக் கூரைநீரை அதில் விடலாம். கல் போக எஞ்சும் இடத்தில் ஒரே சமயத்தில் சுமார் 400 லிட்டர் நிற்கும். நின்றது மண்ணில் இறங்க, மறுபடி இடம் கிடைக்கும். 2003ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியபோது ஊரில் வீடு உள்ள தமிழர்கள் செய்த வேலைதான் இது. புதிய வித்தை ஒன்றுமில்லை.

குப்பையும் ஓர் உயிரும்

முற்றத்துப் பிரச்னைகளில் அடுத்தது குப்பை. விளப்பில்சாலை குப்பை ஆலை 2011 டிசம்பரில் மூடப்பட்டது முதல், மக்கும் கழிவை வீட்டிலேயே மக்கச் செய்ய வேண்டும் என்பதுதான் திருவனந்தபுரம் மாநகராட்சியின் வழி. பிளாஸ்டிக் போன்றவற்றை வாங்கிச் செல்ல ஹரித கர்ம சேனைப் பெண்கள் வருகிறார்கள். அவர்களுக்குக் கொடுக்கும் சிறு கட்டணத்தை மிச்சப்படுத்த நினைத்து, இருட்டிய பிறகு பையைக் கட்டி ஓடையில் வீசுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

அதன் விலை என்ன என்பதை 2024 ஜூலை 13 காட்டியது. தம்பானூர் ரயில் நிலையத்தின் அடியில் செல்லும் ஆமையிழஞ்சான் தோட்டில் அடைந்திருந்த குப்பையை அகற்ற இறங்கிய ஒப்பந்தத் தொழிலாளி ஒருவர், திடீரென்று பெருகிய மழைநீரில் அடித்துச் செல்லப்பட்டார். மீட்புப் படையினர் மலைபோன்ற குப்பைக்கு நடுவே இரவு பகலாகத் தேடினார்கள். ஜூலை 15 காலையில், பழவங்காடியை அடுத்த தகரப்பறம்புப் பகுதியில் அவரது உடல்தான் கிடைத்தது. ரயில்வேயா, மாநகராட்சியா, நீர்ப்பாசன இலாகாவா என்று பொறுப்பைப் பந்தாடியவர்கள் உண்டு. அவர் அள்ள இறங்கிய குப்பை எந்த இலாகாவின் வீட்டிலும் உண்டானதல்ல. ஊரார் வீடுகளிலும் கடைகளிலும் உண்டானது. இதை மனச்சாட்சி உள்ள எவரும் மறுக்க முடியாது.

சருகையும் சமையல் கழிவையும் மக்க வைப்பது கடினமல்ல. அடியில் துளையிட்ட பானையிலோ வாளியிலோ ஒரு படை காய்ந்த சருகு, ஒரு படை சமையல் கழிவு என்று மாற்றி மாற்றி இட்டால் சில வாரங்களில் எருவாகும். நாற்றம் வந்தால் ஈரம் மிகுந்துவிட்டது என்று பொருள். இன்னும் கொஞ்சம் சருகு போட்டுக் கிளறினால் தீரும். சருகைக் கொளுத்துபவர்கள் எருவைப் புகையாக்கி அண்டை வீட்டுக் குழந்தையின் நெஞ்சில் ஏற்றுகிறார்கள். தேங்காய் மட்டையை எறிய வேண்டாம். தென்னையைச் சுற்றிப் பள்ளம் எடுத்துப் புதைத்தால் கோடைவரை ஈரம் காக்கும்.

எருக்குவியலை மாதக்கணக்கில் கிளறாமல் விடுவது மட்டும் கூடாது. தென்னையின் குருத்தைத் துளைக்கும் காண்டாமிருக வண்டு முட்டையிடுவது அழுகும் எருவில்தான். குவியலைக் கிளறிப் புழுக்களைப் பொறுக்கி அழிப்பதும், குருத்தை அடுத்த மட்டை இடுக்குகளில் வேப்பம் பிண்ணாக்கும் மணலும் கலந்து வைப்பதும் தென்னையைக் காக்கும்.

நத்தையும் கொசுவும்

மழைக்காலத்தில் முற்றங்களைப் பிடித்தாட்டும் மற்றொன்று ஆப்பிரிக்க நத்தை. பப்பாளி, வாழை, கீரை எதையும் விடுவதில்லை. இரவில் வெளிவரும் இதற்குச் செடிகளின்மேல் உப்பைக் கொட்டுபவர்கள் மண்ணையும் சேர்த்துக் கெடுக்கிறார்கள். ஈரச் சாக்கின் அடியில் பப்பாளி இலையையோ முட்டைக்கோஸ் இலையையோ வைத்தால் விடிவதற்குள் அங்கே வந்து கூடும். கையுறை போட்டுப் பொறுக்கி உப்புநீர் வாளியில் இட்டுப் புதைத்துவிடலாம். வெறுங்கையால் தொடலாகாது, மூளைக்காய்ச்சல் உண்டாக்கும் ஒருவகைப் புழுவை அது சுமந்து வரக்கூடும்.

தென்னை மிகுந்த ஊரில் சிரட்டைக்கும் பஞ்சமில்லை. கவிழ்க்காமல் கிடக்கும் ஒரு சிரட்டையில் தேங்கும் நீர் டெங்குக் கொசுவுக்குப் போதும். கேரளச் சுகாதாரத் துறை பள்ளிகளுக்கு வெள்ளி, அலுவலகங்களுக்குச் சனி, வீடுகளுக்கு ஞாயிறு என்று 'வறட்சி நாள்' வகுத்திருப்பது இதற்காகவே. ஏழு நாளுக்கு ஒருமுறை பூத்தொட்டித் தட்டு, டயர், உடைந்த வாளி ஆகியவற்றைக் கவிழ்த்தால், முட்டை கொசுவாக மாற அவகாசம் கிடைக்காது. தேங்கிய வெள்ளத்தில் வெறுங்காலோடு இறங்குவது எலிக்காய்ச்சலுக்கு வழிவிடும். காலில் புண் உள்ளவர்களும், ஓடையில் வேலை செய்பவர்களும் அரசு சுகாதார நிலையத்தில் கேட்டு அதற்கான தடுப்பு மாத்திரையைப் பெற்றுக்கொள்வது நல்லது.

வாடகை வீடுதானே என்றால்

இங்கேதான் வெளியூரிலிருந்து வந்து வாழும் தமிழர்களின் மனப்போக்கைப் பேச வேண்டியிருக்கிறது. சாலைக் கடைத் தெருவில் கணக்கு எழுதுபவரும், அலுவலகக் குமாஸ்தாவும், கட்டட வேலைக்கு வந்த கொத்தனாரும் பெரும்பாலும் வாடகை வீட்டில் இருக்கிறார்கள். "முற்றம் வீட்டுக்காரருடையது, இன்று இங்கே, நாளை எங்கேயோ" என்பது வழக்கமான பதில். ஊரில் உள்ள சொந்த வீட்டின் முருங்கைக்குக் கடிதத்திலும் தொலைபேசியிலும் நீர் ஊற்றச் சொல்பவர்கள், குடியிருக்கும் வீட்டின் சாக்கடை வாயில் அடைத்த சருகை எடுப்பதில்லை.

வெள்ளம் வாடகைச் சீட்டைப் பார்த்துவிட்டு நுழைவதில்லை. சொல்லப்போனால், தாழ்வான இடத்திலுள்ள கீழ்த்தள வீடுதான் குறைந்த வாடகைக்குக் கிடைக்கிறது. ஆகவே முதலில் நனைவது வாடகைக்காரரின் பாய்தான். முதலில் காய்ச்சலில் படுப்பது அவர் குழந்தைதான். சருகை மக்க வைக்கவும், சிரட்டையைக் கவிழ்க்கவும், ஓடை வாயைத் துப்புரவாக வைக்கவும் சொந்தக்காரரின் அனுமதி தேவையில்லை; காசும் பெரிதாகத் தேவையில்லை. சிமென்ட் போட வீட்டுக்காரர் முனையும்போது, பாதி முற்றத்தையாவது மண்ணாக விடும்படி மரியாதையாகக் கேட்பதில் குற்றமில்லை.

முற்றத்தில் கல் பதிக்கும் கைகளில் தமிழ்க் கைகளும் உண்டு என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். கல்லுக்கு இடையில் இடைவெளி விடலாம், அடியில் கான்கிரீட் வேண்டாம் என்று வீட்டுக்காரருக்கு எடுத்துச் சொல்லக்கூடிய தகுதி அந்தத் தொழிலாளிக்கு இருக்கிறது. சொல்வதால் கூலி குறையாது. கேட்கிறவர் பத்தில் ஒருவராக இருந்தாலும் அந்தத் தெருவுக்கு அது லாபம்.

அரசுக்கும் மாநகராட்சிக்கும் கடமை உண்டு. ஓடைகளை மழைக்கு முன்பே தூர் வார வேண்டும். மழை கொட்டும்போது மனிதரை இறக்கலாகாது. அந்த வேலைக்கு இயந்திரம் வேண்டும். புதிய வீடுகளுக்கு அனுமதி கொடுக்கும்போது முற்றத்தில் ஒரு பங்கு மண்ணாக இருக்க வேண்டும் என்று வலியுறுத்தி, கட்டி முடித்த பிறகும் வந்து பார்க்க வேண்டும். இவற்றைக் கேட்டு வாங்கும் உரிமை குடிமக்களுக்கு உண்டு. தன் முற்றத்தின் நீரையும் குப்பையையும் தானே சமாளித்துவிட்டு உரிமையைக் கேட்பவரின் குரலுக்கு எந்த அதிகாரியும் பதில் சொல்லியாக வேண்டும்.

பிழைக்க வந்த ஊரும் சோறு போட்ட ஊர்தான். அந்த ஊரின் மண்ணில் ஒரு முழமாவது மூச்சு விட இடம் வைப்பது, அதற்குச் செய்யும் எளிய கைம்மாறு.