பெயர் உண்டு, செய்முறை எங்கே?

2020-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில், யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மருத்துவபீடத்து ஆய்வுகூடத்திலே கொரோனா நோய்க்கான பரிசோதனை தொடங்கிற்று. அன்று தொட்டு ஈராண்டு காலம் 'பீ.சீ.ஆர்.' என்னும் மூன்றெழுத்துக்களை உச்சரியாத வாய் இக்குடாநாட்டில் இருந்ததில்லை. சந்தையிற் பேசினர், திண்ணையிற் பேசினர், செத்தவீட்டிலும் அதுவே பேச்சாயிற்று. 'பொசிற்றிவ்' என்ற ஒரு சொல்லைக் கேட்டு அயல்வீட்டாரின் முகத்திற் படலையை அடைத்தவர்களும் உளர். ஆனால், மூக்கினுள் விட்டெடுத்த குச்சியை வைத்துக்கொண்டு அங்கே யாது செய்கின்றனர் என்று வினவியவருக்குத் தமிழிலே விடை பகர்ந்தோர் எத்துணைபேர்? சொல் வந்தது, பொருள் வரவில்லை. இப்பழி பாமர மக்களைச் சார்ந்ததன்று. பல்கலைக்கழகத்திற் கற்ற நம்மைச் சார்ந்தது.

அச்செய்முறை அறியவொண்ணாத மறைபொருளுமன்று. வைரசின் ஆர்.என்.ஏ. முதலில் டீ.என்.ஏ. வடிவிற் படியெடுக்கப்படுகின்றது. அந்த டீ.என்.ஏ.யை ஏறக்குறைய 95 பாகை செல்சியசில் வைக்க, முறுக்கவிழ்ந்த கயிற்றின் புரிகள் போல இரண்டு இழைகளும் பிரிகின்றன. வெப்பத்தை 55 அல்லது 60 பாகைக்குத் தணிக்குமிடத்து, தேடும் பகுதியின் இருமுனைகளிலும் பிரைமர் எனப்படும் சிறுதுண்டுகள் சென்று பொருந்துகின்றன. அத்துண்டுகளிலிருந்து பொலிமரேசு என்னும் நொதியம் புதிய இழைகளைக் கட்டி வளர்க்கின்றது. அதற்குப் பெரிதும் உகந்தது 72 பாகை அளவான வெப்பம். ஒன்று இரண்டாயிற்று. மீண்டும் சூடு, மீண்டும் தணிப்பு, இரண்டு நான்காயிற்று. குறைவின்றி நடக்குமாயின் முப்பது சுற்றில் ஒரு துண்டு நூறு கோடிக்கு மேலாகும். கரி முல்லிசு 1983-இல் இவ்வழியைக் கண்டார். 1993-இல் நோபல் பரிசு பெற்றார். கொதிநிலைக்கு அண்மையிலும் அழியாத அந்நொதியத்தைத் தந்ததோ அமெரிக்காவின் வெந்நீரூற்றொன்றில் வாழ்ந்த பற்றீரியா.

இவ்விரட்டித்தலை அறிந்தவனுக்கே அடுத்த உண்மை விளங்கும். 15-ஆவது சுற்றில் வைரசு தென்பட்டவருக்கும் 35-ஆவது சுற்றில் தென்பட்டவருக்கும் இடையிலான வேறுபாடு ஏறத்தாழப் பத்து இலட்சம் மடங்கு. பின்னவரிடம் இருந்தவை பலவேளைகளில் நோய் நீங்கியபின் எஞ்சிய துணுக்குகளே. இருவரையும் ஒரே சொல்லாற் குறித்தோம். ஒரே அச்சத்தோடு ஒதுக்கினோம். செய்முறை தெரியாத சமூகத்திற்கு முடிவு மட்டும் அறிவிக்கப்படும்போது நிகழ்வது இதுவே.

'விஞ்ஞானத்தின் மொழி ஆங்கிலம். ஆய்வுகூடத்துக்குத் தமிழ் எதற்கு?' என்பார் ஒரு சாரார். ஆய்வுக்கட்டுரை ஆங்கிலத்தில் வரட்டும். அதற்கு யான் மாறல்லன். ஆயினும் க.பொ.த. உயர்தரம் வரை உயிரியலைத் தமிழிற் பயின்று, டீ.என்.ஏ. தொழினுட்பம் பற்றியும் தமிழிலேயே பரீட்சை எழுதிய மாணவன், இங்கு வந்ததும் பெட்டியோடு வரும் ஆங்கிலத் துண்டுப்பிரசுரத்தின் அடிமையாகின்றான். 'இத்தனை மைக்கிரோலீற்றர் இடுக. 42 பாகையில் இத்தனை விநாடி வைக்க' என்றிருப்பதைச் செய்கின்றான். ஏன் என்று கேட்பதில்லை. யானும் அவ்வாறு செய்தவனே. விநாடிக் கணக்கில் வைக்கவேண்டிய குழாயை நிமிடக்கணக்கில் வெந்நீரில் மறந்துவிட்டு, மறுநாள் ஏகார் தட்டு வெறுமையாய்க் கிடக்கக் கண்டு விதியை நொந்துகொண்டவன்.

மற்றொரு சாரார் தமிழன்பர்கள். இவர்கள்மேற்றான் எனக்கு வருத்தம் மிகுதி. 'மரபணு' என்பதா, 'பரம்பரையலகு' என்பதா. 'நொதி'யா, 'நொதியமா' என்று பக்கம் பக்கமாக வாதிடுவர். அவ்வாதம் முடியுமுன் தொழினுட்பம் நான்கு படி கடந்துவிடும். நம்முடைய ஆண்டுமலர்களைப் புரட்டிப் பாருங்கள்: 'விஞ்ஞானத்தின் விந்தைகள்' பல உண்டு, ஒரு கரைசலை எவ்வாறு ஆக்குவது என்று கூறும் கட்டுரை அரிது.

இதே மண்ணில், மானிப்பாயில், சாமுவேல் பிஸ்க் கிறீன் என்னும் அமெரிக்க மருத்துவர் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே மேலைநாட்டு மருத்துவத்தைத் தமிழிற் கற்பித்தார். 1875-இல் வெளிவந்த இரசாயன நூலுக்கு அவர் இட்ட பெயர் 'கெமிஸ்தம்'. கலைச்சொல்லில் அவருக்கும் கவலை இருந்தது. ஆனால் நல்ல சொல் கிடைக்கும்வரை நூலைப் பூட்டிவைக்கவில்லை. ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழ் விகுதி தந்து காரியத்தைத் தொடங்கினார். அவர்தம் மாணாக்கர் நோயாளியின் உடலைத் தொடவேண்டியிருந்தது. ஆகவே நூல் செய்கைக்கு உதவவேண்டியிருந்தது. நமக்கோ அந்த அவசரம் இல்லைப்போலும்!

அவசரம் உண்டு. 2016-இல் இலங்கை மலேரியா அற்ற நாடென உலக சுகாதார நிறுவனத்தாற் சான்றுபெற்றது. அவ்வாண்டின் இறுதியிலேயே, இந்திய நகரங்களில் மலேரியாவைப் பரப்பும் அனோபிலிசு ஸ்டீபென்சை நுளம்பு மன்னாரிலே பிடிபட்டது. பின்னர் யாழ்ப்பாண நகரிலும் காணப்பட்டது. இன்ன நுளம்பென்று ஐயமற உறுதிசெய்யத் துணைநின்றது, அதன் டீ.என்.ஏ. துண்டொன்றைப் பெருக்கி எழுத்தெழுத்தாக வாசிக்கும் முறையே. கிணற்றை மூடுங்கள் என்று வீட்டுப்பெண்ணிடம் கூறப்போகும் சுகாதார ஊழியர், அந்த உறுதி எங்ஙனம் வந்ததென்று அவருக்கு எந்த மொழியில் விளக்குவார்?

இன்சுலினையும் நோக்குக. பிளாஸ்மிட்டு என்னும் வளையத்தை ஒரு நொதியத்தால் வெட்டி, வேற்று டீ.என்.ஏ.யை வைத்து, லிகேசினால் ஒட்டி, பற்றீரியாவினுள் புகுத்தும் வழியை 1973-இல் கோகனும் பொயரும் காட்டினர். 1982-இல் அவ்வழி வந்த மனித இன்சுலின் மருந்தாக அங்கீகாரம் பெற்றது. 1986-இல் மதுவத்தினால் ஆக்கப்பட்ட கல்லீரலழற்சி 'பி' தடுப்பூசி வந்தது. நம் பனங்கள்ளை நொதிக்கச் செய்யும் மதுவமும் அவ்வினத்ததே. இரண்டையும் ஒருங்கே அறிந்த ஊரிலே இரண்டையும் இணைத்து ஒரு பக்கம் எழுதுவாரில்லை.

யான் வேண்டுவது பெரிய கலைக்களஞ்சியமன்று. நூறு பக்கக் கைந்நூலொன்று. டீ.என்.ஏ.யும் பற்றீரியாவின் மேற்பரப்பும் ஒன்றையொன்று தள்ளும் மறையேற்றத்தைக் கல்சியங் குளோரைட்டு தணிக்கின்றது என்பது அதில் இருக்கவேண்டும். பிளாஸ்மிட்டைப் பெறாத பற்றீரியா அம்பிசிலின் இட்ட தட்டில் ஏன் மடிகின்றதென்பதும், புரதம் விரைந்து திரளுமிடத்துச் சரிவர மடியாது கட்டியாகிவிடுவதும், அப்போது வளர்ப்பு வெப்பத்தை 37 பாகையிலிருந்து 20 அளவுக்குக் குறைத்துப் பார்க்கலாமென்பதும் இருக்கவேண்டும். நொதியக் குழாயைப் பனிக்கட்டியிலிருந்து எடுத்து மேசையில் வைத்துவிட்டு அரட்டையடித்தவனின் கதையையும் சேர்க்கலாம். பாதிப் பக்கங்கள் தோல்விகளுக்கே உரியனவாகுக: தட்டில் ஒன்றும் முளைக்காவிடின் முதலில் எதைப் பார்ப்பது, எல்லாம் முளைத்துவிட்டால் எதை ஐயுறுவது என்று. அந்த அத்தியாயத்தை எழுத யான் ஆயத்தம். வெறுந்தட்டுக்கள் என்னிடம் நிறையவே உள.