பழுதுபார்க்க வேண்டிய வேலி

மழைக்காலம் தொடங்கும்போதெல்லாம் கொங்கண் இரயில் பாதை என் நினைவுக்கு வருகிறது. 2003-ஆம் ஆண்டு ஜூன் 22 அன்று இரவு, மகாராஷ்டிரத்தின் வைபவ்வாடி அருகே, சரிவிலிருந்து விழுந்த பாறைகளில் மோதி ஒரு சிறப்பு இரயில் தடம் புரண்டது. 50-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். மறு ஆண்டு ஜூன் மாதத்தில் மத்ஸ்யகந்தா விரைவு இரயிலும் அவ்வாறே விபத்துக்குள்ளாயிற்று. அதன்பின் அச்சரிவுகளில் எஃகு வலைகள் விரிக்கப்பட்டன, வெட்டிவேர் நடப்பட்டது, மழைக்காலத்தில் வேகக் கட்டுப்பாடும் இரவுபகல் ரோந்தும் வந்தன.

வேலி போட்டாயிற்று என்று நாம் நிம்மதியடைகிறோம். ஆனால் வேலியும் மூப்படைகிறது. ஒரு டன் எடையுள்ள பாறை நொடிக்கு 20 மீட்டர் வேகத்தில் வந்தால், 200 கிலோஜூல் ஆற்றலோடு மோதும். நெகிழும் வேலி அதை முரட்டுத்தனமாக எதிர்ப்பதில்லை. வலை நீண்டுகொடுக்கிறது, வடத்திலுள்ள தடுப்பு வளையங்கள் உருக்குலைந்து விசையை உள்வாங்குகின்றன. ஒருமுறை உருக்குலைந்த வளையம் மறுமுறை உதவாது. கற்கள் நிரம்பித் தொங்கும் வலையும் அடுத்த பாறையைத் தாங்காது.

அப்படியானால் எல்லாவற்றையும் பிடுங்கி எறிந்துவிட்டு, சரிவை வெட்டிக் கான்கிரீட் சுவர் எழுப்பலாமே என்பர் சிலர். அவர்களுடைய அச்சம் நியாயமானதே, வழிதான் தவறு. சரிவை வெட்டினால் மண்ணைப் பிணைத்திருக்கும் வேர்கள் அறுபடும். வடிகாலற்ற சுவருக்குப் பின்னே மழைநீர் தேங்கி அழுத்தும். காப்பதற்காகச் செய்த வேலையே மலையைத் தளர்த்திவிடும்.

இருப்பதை வலுப்படுத்துவதே முதல் வழியாக இருக்க வேண்டும். சிக்கிய கற்களை அகற்றுதல், துருப்பிடித்த வடங்களையும் வளையங்களையும் மாற்றுதல், பாறையில் பதித்த நங்கூரக் கம்பிகளை இழுத்துச் சோதித்து, உறுதியானவற்றையே மீண்டும் பயன்படுத்துதல் ஆகியவற்றுக்குப் புதுச்சாலை வெட்டத் தேவையில்லை. கயிற்றில் தொங்கியபடியே பணியாளர் பெரும்பகுதியைச் செய்து முடிக்கலாம். பறவைகள் கூடுகட்டும் காலத்தைத் தவிர்த்தும் வேலையைத் திட்டமிடலாம். நங்கூரமே தளர்ந்த இடத்திலும், வேலியின் வலுவை மிஞ்சும் பாறை தொங்கும் இடத்திலும் புதிய பணி தேவைதான். அங்கே சிக்கனம் பார்ப்பது உயிரோடு விளையாடுவதாகும்.

நெகேமியா எருசலேமுக்கு வந்தபோது செய்த முதற்காரியம், இராத்திரியிலே சென்று இடிந்த அலங்கத்தைப் பார்வையிட்டதே. பின்னரே பலர் தத்தம் வீட்டிற்கு எதிரான பகுதியைப் பழுதுபார்த்தனர். பராமரிப்புக்குத் திறப்பு விழா இல்லை, கல்வெட்டும் இல்லை. ஆகவேதான் அது தள்ளிப்போடப்படுகிறது. அன்பானவர்களே, மலைப்பாதையில் கற்கள் நிரம்பிய வலையைக் கண்டால் கடந்துபோய்விடாமல், உரியவர்களுக்கு ஒரு வரி எழுதுங்கள். அடுத்த மழை நமக்காகக் காத்திராது.