குரல் கேட்டால் போதுமா? திசை வேண்டாமா?

2017 நவம்பர் 30, ஒக்கி புயல் நம்ம மாவட்டத்தைப் புரட்டிப் போட்ட நாள். தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை பக்கம் கடலுக்குப் போனவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்றே தெரியாமல் குடும்பங்கள் நாள்கணக்கில் கரையில் நின்றன. நம்ம ஈசிஇ பாடத்துக்கும் அதற்கும் சம்பந்தம் இருக்கு மக்கா.

ஆபத்து என்றால் விஎச்எஃப் சேனல் 16-ல், அதாவது 156.8 மெகாஹெர்ட்ஸில், கூப்பிடலாம். குரல் கேட்கும். ஆனால் எந்தத் திசையிலிருந்து? பதற்றத்தில் இருப்பவர் இடத்தைச் சரியாகச் சொல்வார் என்று எதிர்பார்க்க முடியாது.

திசை பார்க்க வழக்கமாகப் பல ஆன்டெனா வைத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு ரிசீவர் மாட்டுவார்கள். செலவு அங்கேதான் ஏறுது. புரோகிராம் செய்யக்கூடிய மெட்டாசர்ஃபேஸ் வேறு வழி காட்டுது. ஒரு பிசிபி பலகை முழுக்கச் சின்னச் சின்னக் கட்டங்கள், ஒவ்வொன்றிலும் ஒரு டையோடு. டையோடு ஆன், ஆஃப் ஆகும்போது பட்டுத் திரும்பும் அலையின் ஃபேஸ் 180 டிகிரி மாறும். 2014-ல் சீனாவின் சவுத்ஈஸ்ட் பல்கலைக்கழகத்தில் டை ஜுன் சுய் குழு இதை 0, 1 என்று எஃப்பிஜிஏ வைத்து ஓட்டிக் காட்டியது.

கட்டங்களை வரிசையாக வேகமாக மாற்றினால், வந்த சிக்னலின் இரண்டு பக்கமும் புதுசாக ஹார்மோனிக்குகள் முளைக்கும். நடுவில் இருப்பது அலைவரிசையைச் சொல்லும். ஹார்மோனிக்குகள் ஒன்றுக்கொன்று எவ்வளவு பெரிசு என்பது திசையைச் சொல்லும். ஒரே ரிசீவர் போதும். ஒற்றைக் காது உள்ளவர் தலையைத் திருப்பித் திருப்பிச் சத்தம் வரும் பக்கத்தைக் கண்டுபிடிப்பார் இல்லையா? பலகை அசையாமலே அந்த வேலையைச் செய்யுது.

குறையையும் சொல்லணும். அரை அலைநீள இடைவெளியில் எட்டு வரிசை வைத்தால், 2.4 கிகாஹெர்ட்ஸுக்கு அரை மீட்டர் பலகை போதும். சேனல் 16-க்கோ ஏழரை மீட்டர் வேண்டும். படகில் மாட்ட முடியாது. சின்னமுட்டத்திலும் தேங்காப்பட்டணத்திலும் துறைமுகச் சுவரில் மாட்டலாம். இரண்டு திசைக்கோடுகள் வெட்டும் இடம்தான் படகு. கரைக்கு விஎச்எஃப் எட்டுகிற தூரம் சில பத்துக் கிலோமீட்டர்தான் என்பதால் ஆழ்கடலுக்குச் செயற்கைக்கோள் பீக்கன்தான் வழி. ஆனால் கரைக்குப் பக்கத்தில் தத்தளிக்கிறவர் உயிரும் உயிர்தானே!

என் கருத்து இதுதான்: ஃபைனல் இயர் ப்ராஜெக்டைக் காசு கொடுத்து வாங்கி வைவாவில் முழிப்பதை விடுவோம். லேபில் 2.4 கிகாஹெர்ட்ஸில் எட்டு வரிசைப் பலகை ஒன்றைச் செய்து பார்ப்போம். முதல் தடவை தப்பாகத்தான் வரும், வரட்டும். அடுத்த பேட்ச் அங்கிருந்து தொடரட்டும். கடல் பக்கத்தில் படிக்கிற நாம் செய்யாமல் வேறு யார் செய்வாங்க?