அழுவதற்கு ஒரு பெஞ்ச்

மயிலாப்பூரில் பங்குனிப் பெருவிழாவின் எட்டாம் நாள் என்றால் அறுபத்துமூவர்தான். பிற்பகலில் நான்கு மாட வீதிகளிலும் கால் வைக்க இடமிருக்காது. வழியெல்லாம் நீர்மோர், புளியோதரை, பலூன், விசில். அதே நாள் காலையில் கபாலீசுவரர் கோயில் குளத்தருகே நடப்பதைப் பார்க்க இந்தக் கூட்டம் வருவதில்லை. அங்கே நடத்திக் காட்டப்படுவது ஒரு சாவும், மகளைப் பறிகொடுத்த தகப்பன் ஒருவரின் பிடிவாதமும்.

கதை பெரியபுராணத்தில் இருக்கிறது. மயிலை வணிகர் சிவநேசர், தம் மகள் பூம்பாவை திருஞானசம்பந்தருக்கே என்று நேர்ந்துகொண்டவர். 7 வயதில், பூப்பறிக்கப் போன இடத்தில் பெண்ணைப் பாம்பு தீண்டிவிடுகிறது. தகனம் முடிகிறது. ஆனால் எலும்பையும் சாம்பலையும் கரைக்க அவருக்கு மனம் வரவில்லை. குடத்தில் இட்டுக் கன்னிமாடத்தில் வைக்கிறார். பட்டு உடுத்துகிறார், நகை பூட்டுகிறார், மாலை சாத்துகிறார். படுக்கைகூட விரித்து வைக்கிறார். வருடங்கள் போகின்றன. திருவொற்றியூருக்கு வந்த சம்பந்தர் மயிலைக்கு வந்ததும், குடத்தைக் கோயில் மதிலுக்கு வெளியே கொண்டுவந்து வைக்கிறார்கள். அவர் பாட, பெண் 12 வயதுக் கன்னியாக எழுந்து வருகிறாள்.

எழுந்து வந்ததை நம்புவது அவரவர் விருப்பம். குடத்துக்குப் பட்டு உடுத்திக்கொண்டிருந்த அந்த வருடங்களை நம்பாமல் இருக்க முடியாது. செத்தவரின் மூக்குக்கண்ணாடியைத் தூக்கிப் போட முடியாமல், செல்போன் எண்ணை அழிக்க முடியாமல் வைத்திருக்கும் ஒவ்வொரு வீட்டிலும் அந்தக் குடம் இருக்கிறது. சம்பந்தர் பாடிய பதிகத்தின் அமைப்பும் கவனிக்க வேண்டியது. ஐப்பசி ஓணம், கார்த்திகை விளக்கு, திருவாதிரை, தைப்பூசம் என்று மயிலையின் விழாக்களை ஒவ்வொன்றாகச் சொல்லி, இதையெல்லாம் பார்க்காமலா போகிறாய் என்று இறந்தவளிடமே கேட்கிறது. பேத்தி கல்யாணத்தைப் பார்க்காமல் போய்விட்டாயே என்று இழவு வீட்டில் பாட்டிகள் கேட்பதும் அதே கேள்விதான். ஒப்பாரிக்கும் தேவாரத்துக்கும் நடுவே நாம் நினைக்கிற அளவு தூரம் இல்லை.

இனி தி. நகருக்கு வருவோம். பழைய அடுக்குமாடி ஒன்றில் சாவு விழுந்தால் முதல் கவலை லிப்ட். நான்கு பேர் நிற்கிற லிப்ட்டில் ஸ்ட்ரெச்சர் நுழையாது. மூன்றாம் மாடியிலிருந்து படி வழியே, திருப்பத்துக்குத் திருப்பம் சாய்த்துப் பிடித்து இறக்குகிறார்கள். சில சமயம் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து வேட்டியால் கட்டி. கீழே கார் நிறுத்துமிடத்தில் ஐஸ் பெட்டி காத்திருக்கிறது. மாலை விழுவது கண்ணாடி மூடியின் மேல். முகத்தைத் தடவ நீளும் கை அந்தக் கண்ணாடியைத்தான் தடவிவிட்டுத் திரும்புகிறது. எத்தனை மணிக்கு எடுக்கிறார்கள் என்பது வாட்ஸ்அப்பில் வந்துவிடும். கண்ணம்மாபேட்டையோ கிருஷ்ணாம்பேட்டையோ பெசன்ட் நகரோ, நேரம் குறித்தாயிற்று. அடுத்த வண்டி பின்னாலேயே வரும். மேளம் வேண்டாமே என்று குடியிருப்போர் சங்கத்திலிருந்து நயமாக ஒரு வார்த்தை வந்திருக்கும். கழுத்தைக் கட்டிக்கொண்டு வட்டமாக உட்கார்ந்து அழுவதற்கு, வரிசையாக நிற்கும் ஸ்கூட்டர்களுக்கு நடுவே இடம் ஏது?

இப்படி வீட்டிலிருந்து வெளியேறிய துயரம் கலைக்கூடத்தில் வாடகைக்கு வந்து குடியேறியிருக்கிறது. இழப்பும் உடலும் இன்று சமகாலக் கலையின் பெரிய பேசுபொருள்கள். அதில் தவறில்லை. ஆனால் குடியேறிய இடத்திலும் அடுக்குமாடிச் சட்டமே நடக்கிறது: சத்தம் கூடாது, தொடக் கூடாது, சீக்கிரம் நகர வேண்டும்.

தமிழில் ஒரு பேச்சு உண்டு: கூலிக்கு மாரடிப்பது. ஈடுபாடு இல்லாமல் கடனுக்குச் செய்யும் எந்த வேலையையும் இப்படிச் சொல்லிவிடுகிறோம். உண்மையில் மாரடித்தவர்கள் யார்? பறையடித்தவர்கள் யார்? அந்த ஏளனத்தில் சாதி ஒளிந்திருக்கிறது. இன்னொருவர் வீட்டுச் சாவுக்குப் போய், முன்பின் தெரியாத மனிதரின் பெருமைகளை விசாரித்து, அடுக்கி, ராகம் போட்டு, வீட்டுப் பெண்களின் தொண்டையில் சிக்கிக் கிடக்கும் அழுகையை வெளியே இழுத்துவிடுவது லேசான வித்தையா? மூச்சும் நெஞ்சும் கையும் ஒரே தாளத்தில் போக வேண்டிய வித்தை அது.

அமெரிக்கக் கலைஞர் டாரின் சைமன் இதைப் புரிந்துகொண்டார். 2016 செப்டம்பரில் நியூயார்க்கின் பார்க் அவென்யூ ஆர்மரியில், உயர்ந்த 11 கான்கிரீட் கோபுரங்களுக்குள் உலகின் பல மூலைகளிலிருந்து வந்த தொழில்முறை அழுகையாளர்களை அமரவைத்தார். 30 பேருக்கு மேல். பார்வையாளர்கள் குனிந்து உள்ளே நுழைந்து, அழுகிறவரின் மூச்சு படும் தூரத்தில் நிற்கலாம். 2018ல் லண்டனிலும் அது நடந்தது. இதில் சுவையான பகுதி விசா. அழுவது ஒரு கலை, இவர்கள் கலைஞர்கள் என்று காகிதம் காகிதமாக அதிகாரிகளுக்கு நிரூபிக்க வேண்டியிருந்தது. அந்தக் காகிதங்களையும் சைமன் படைப்பின் ஒரு பகுதியாகவே ஆக்கிவிட்டார். சென்னையில் மரண கானா பாடுகிறவர்களுக்கு விசா வேண்டாம், கலைக்கூடத்துக்கு ஒரு பஸ் டிக்கெட் போதும். அழைப்பதற்குத்தான் ஆளில்லை.

எல்லாத் துயரமும் சத்தம் போடும் என்பதில்லை. ஜெர்மானியக் கலைஞர் கேத்தே கோல்விட்ஸின் மகன் பீட்டர் 1914 அக்டோபரில், 18 வயதில், பெல்ஜியப் போர்முனையில் இறந்தான். அவனுக்கு ஒரு நினைவுச் சின்னம் செய்ய அவர் அந்த ஆண்டே எண்ணினார்; கல்லறைத் தோட்டத்தில் அது நிறுவப்பட்டது 1932ல்தான். முதல் வரைவில் மகனின் உடல் கிடந்தது, தலைமாட்டில் அப்பா, கால்மாட்டில் அம்மா. 18 ஆண்டுகளில் அந்த உடல் கழன்று போய்விட்டது. முடிவில் மிஞ்சியவை இரண்டு உருவங்கள். தன் கைகளால் தன்னையே இறுக்கிக்கொண்டு முட்டியிட்ட தகப்பன். அருகே, குனிந்த தாய். கைகளுக்குப் பிடிக்க வேறு எதுவும் இல்லை. தமிழ் இலக்கணம் இரங்கற்பாவுக்கு வைத்த பெயர் கையறுநிலை. செயலற்றுப் போன நிலை என்பார்கள் உரைகாரர்கள். அந்தத் தகப்பனின் கைகளைப் பார்த்தால் உரை தேவைப்படாது.

சென்னையிலேயே வெட்டவெளியில் ஒரு துயர உருவம் நிற்கிறது, மெரினாவில். 1968 உலகத் தமிழ் மாநாட்டையொட்டி வைக்கப்பட்ட கண்ணகி, 2001 டிசம்பரில் அகற்றப்பட்டு, 2006 ஜூன் 3 அன்று திரும்ப வந்தாள். அந்த நாலரை ஆண்டும் கட்சிகள் பேசாத பேச்சில்லை. கணவனை இழந்த ஒரு பெண்ணின் உடல் அது என்று யாரும் பேசியதாக நினைவில்லை. சிலப்பதிகாரத்துக் கண்ணகி தன் இடமுலையைத் திருகி எறிந்தவள். மெரினாக் கண்ணகி சிலம்பை மட்டும் நீட்டுகிறாள். கோபத்தை நடுரோட்டில் வைக்கலாம், காயத்தை வைக்கக் கூடாது என்பது நம் ஊர்க் கணக்கு போலும்.

அந்தக் கணக்கை மீறிய சென்னைக் கலைஞர் ஒருவரைச் சொல்ல வேண்டும். திருவண்ணாமலையில் பிறந்து, சென்னை அரசு கவின்கலைக் கல்லூரியில் படித்த பெனிதா பெர்சியாள், மனித உருவங்களைக் குங்கிலியம், வெள்ளைப்போளம், பட்டை, கிராம்பு போன்றவற்றைக் குழைத்து வார்க்கிறார். 2014-15 கொச்சி முசிறி பினாலேயில் அவருடைய உருவங்கள் இருந்த அறையைக் கண்ணுக்கு முன்னால் மூக்குதான் பார்த்தது. கிறிஸ்தவத் தொன்மங்களிலிருந்து வந்த உருவங்கள் அவை. ஆனால் தமிழ் மூக்குக்கு அந்தப் புகைவாசனை வேறு வீடுகளையும் திறந்துவிடும். எண்ணெய்க் குளியல் முடிந்த கைக்குழந்தையின் தலைக்குக் காட்டுவதும் சாம்பிராணிதான், கூடத்தில் கிடத்திய உடலின் தலைமாட்டில் புகைவதும் அதுதான். இந்த உருவங்கள் வெடிக்கும், நிறம் மாறும், வாசனை குறையும். வெண்கலம் போல நிலைத்து நிற்பேன் என்று பொய் சொல்லாத உடல்கள். இவற்றின் முன்னால் பார்வையாளர் மூச்சை இழுக்கிறார். அதாவது, படைப்பில் கொஞ்சம் அவருக்குள்ளே போய்விடுகிறது. தொடாதே என்ற பலகைக்கு இங்கே வேலையில்லை.

சிக்கலான கேள்வி வேறு இடத்தில் இருக்கிறது: யாருடைய உடல், யாருடைய சுவரில்? மதுரை ஜவஹர்லால்புரத்தில் மீன் விற்ற தாயின் மகனாக வளர்ந்த எம். பழனிக்குமார், திவ்யபாரதியின் ‘கக்கூஸ்’ ஆவணப்படத்தின் ஒளிப்பதிவாளர். மலக்குழி மரணங்கள் நடந்த வீடுகளுக்குக் கேமராவோடு போனவர். 2017ல் அவர் வைத்த கண்காட்சியின் பெயர் ‘நானும் ஒரு குழந்தை’. துப்புரவுத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளைப் பற்றியது. தயாநிதா சிங் – பாரி ஆவணப் புகைப்பட விருது 2022ல் முதன்முதலாக வழங்கப்பட்டபோது அவருக்கே கிடைத்தது. மலம் அள்ளும் வேலைக்கு ஆள் வைப்பது 2013 சட்டப்படி குற்றம். குழியில் இறப்பவர் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் என்று 2014ல் சொன்ன உச்ச நீதிமன்றம், 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக்கியது. சட்டமும் தொகையும் இருக்கின்றன, சாவு நிற்கவில்லை. இந்தப் படங்களுக்கு முன்னால் மெல்லிய குரலில் ‘பவர்ஃபுல்’ என்று சொல்லிவிட்டுக் காபி வாங்கப் போவது சுலபம். படம் எடுத்தவர் அந்தத் தெருவைத் தெரிந்தவர் என்பதால் அந்த முகங்கள் வெறும் பரிதாபமாகிவிடாமல் தப்பிக்கின்றன. பார்ப்பவர்களுக்கு அந்தத் தெரு தெரியாது, படத்தில் இருப்பவர்கள் பார்க்க வருவதற்கோ வழியில்லை என்றால், கண்காட்சி பாதிதான் நடந்திருக்கிறது.

வழி இருக்கத்தான் செய்கிறது. 2016ல் தொடங்கிய சென்னை போட்டோ பினாலே படங்களைப் பொது இடங்களுக்குக் கொண்டுபோனது. அடையாறை ஒட்டிய இந்திரா நகர் பறக்கும் ரயில் நிலையச் சுவரில், எச்ஐவி பற்றிய கூச்சத்தை உடைக்கத் தெரு ஓவியர் ஏ-கில் உள்ளிட்டோர் வரைந்த பெரிய முகங்களுக்குக் கீழே ஆட்டோக்காரர்கள் சவாரிக்குக் காத்திருக்கிறார்கள். அங்கே நுழைவதற்கு யாருக்கும் செருப்பைப் பற்றியோ இங்கிலீஷைப் பற்றியோ யோசனை வருவதில்லை.

கலைக்கூடங்களுக்கு வாசலில் நிற்கும் காவலாளியைவிடப் பெரிய காவல் சுவர்க்குறிப்பு. விதிவிலக்குகள் உண்டு, ஆனாலும் இந்த ஊரில் பெரும்பாலான கலைக்கூடங்களில் அது ஆங்கிலத்தில் மட்டும் இருக்கிறது. அதுவும் பல சமயம் ஆங்கிலம் தெரிந்தவர்களுக்கே புரியாத ஆங்கிலம். இழவு, கோடித்துணி, வாய்க்கரிசி, நீர்மாலை, கருமாதி என்று சாவின் ஒவ்வொரு படிக்கும் சொல் வைத்திருக்கிற மொழியில் எழுத ஒரு சாண் இடம் இல்லையா? அமைதியான அறையில் துக்கத்தை அசைபோடத்தான் எங்களுக்குப் பிடிக்கும் என்பவர்கள் இருக்கிறார்கள். கூட்டத்தில் அழ வராதவர்களுக்கு அந்த அறை வேண்டும்தான். அவர்களுக்கும் உட்கார ஓர் இடம் வேண்டுமே. அம்மாவை இழந்த ஒரு மாதத்தில் தெரியாத்தனமாக உள்ளே வந்துவிட்ட ஒருவர், படத்தின் முன் கால் துவண்டு நிற்கும்போது, பிடித்துக்கொள்ள வெள்ளைச் சுவரைத் தவிர அங்கே ஒன்றும் இருப்பதில்லை.

அதனால் மயிலாப்பூரிலோ அடையாறிலோ அடுத்து துயரத்தைப் பற்றிக் கண்காட்சி வைக்கப்போகிறவர்களுக்கு: குறிப்பைத் தமிழிலும் எழுதுங்கள், அதை முதலில் எழுதுங்கள். ஒப்பாரி தெரிந்த ஓர் அம்மாவைத் திறப்பு விழாவுக்குக் கூப்பிட்டு, பட்டுப் புடவைப் பேச்சாளருக்குக் கொடுக்கும் அதே சன்மானத்தை அவர் கையில் கொடுங்கள். நடுக்கூடத்தில் சாய்மானம் வைத்த மர பெஞ்ச் ஒன்று போடுங்கள். பிறகு ஒரு பங்குனியில், எட்டாம் நாள் காலை, கூட்டம் சேர்வதற்கு முன் குளக்கரைக்கு வந்து பாருங்கள். டிக்கெட் கிடையாது.